இடுப்புல ஒரு கிலோ: துப்பாக்கியை மறைச்சு வச்சிருக்கறதுல உள்ள சௌகரியக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

ஊரப்பாக்கத்துல இருந்து பேசுறேன். நடுவுல எலக்ட்ரிக் ட்ரெயின் ஹாரன் கேட்டா மன்னிச்சுக்கங்க, எங்க ஏரியா பேக்ரவுண்ட் மியூசிக்கே அதுதான்.

இந்த வாரக் கேள்வி ஒரு வாய்ஸ் நோட்டா வந்துச்சு. "சினிமாவுல மஃப்டி போலீஸ் சட்டையைத் தூக்கி, முதுகுப் பக்கம் பேன்ட்டுல சொருகியிருக்கற துப்பாக்கியை உருவுறாரே, நிஜத்துல அப்படி வச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க எப்படி உட்காருவாங்க?"

சின்னக் கேள்விதான். ஆனா இதுக்குள்ள சட்டம் இருக்கு, உடம்போட அமைப்பு இருக்கு, சென்னை வெயில் இருக்கு, சில பேரோட உயிரும் இருக்கு. ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல நேர் பதில்: உறை இல்லாம வெறும் பேன்ட்டுல சொருகிக்கிட்டா என்ன ஆகும்னு உலகத்துக்கே தெரியுற மாதிரி ஒரு சம்பவம் நடந்திருக்கு. ப்ளாக்ஸிகோ பர்ரெஸ்னு ஒரு அமெரிக்க ஃபுட்பால் வீரர். 2008 பிப்ரவரியில சூப்பர் பௌல் ஃபைனல்ல நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வெற்றியைக் கொடுத்த கேட்ச் அவரோடது. அதே வருஷம் நவம்பர்ல நியூயார்க்ல ஒரு நைட் க்ளப்புக்குப் போறார். ட்ராக் பேன்ட் இடுப்புல ஒரு க்ளாக் பிஸ்டல். உறை கிடையாது. அது நழுவிக் கால் வழியாக் கீழ இறங்குது. யாரா இருந்தாலும் கை தானாப் போய்ப் பிடிக்கும், அவரும் பிடிச்சார். விரல் ட்ரிக்கர்ல பட்டு, குண்டு அவர் தொடையிலேயே பாய்ஞ்சது. நியூயார்க்ல செல்லுபடியாகுற லைசென்ஸும் அவர்கிட்ட இல்ல. 2 வருஷம் சிறைத் தண்டனை கிடைச்சது.

இதுல ஒண்ணைக் கவனிங்க. துப்பாக்கி நழுவினப்ப வெடிக்கல. கை போனப்பதான் வெடிச்சது. இந்த எபிசோட் முழுக்க இதைத்தான் சுத்திச் சுத்தி வரப்போறோம்.

இங்க யாருகிட்ட இருக்கு?

அமெரிக்காவுல இது கடைக்குப் போய் பெல்ட் வாங்குற மாதிரியான பேச்சு. நம்ம ஊர்ல அப்படி இல்ல. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம ஒரு துப்பாக்கி வச்சிருந்தாலே குற்றம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்குக் குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. லைசென்ஸ் வேணும்னா 21 வயசு ஆகியிருக்கணும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேணும், போலீஸ் விசாரணை நடக்கும், எதுக்காக வேணும்னு காரணமும் சொல்லணும்.

கிடைச்சாலும் எல்லாத் துப்பாக்கியும் வாங்க முடியாது. 9 எம்எம் தோட்டா போடுற பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. அதனால லைசென்ஸ் வச்சிருக்கறவங்க பெரும்பாலும் .32 அளவுக்குப் போவாங்க. அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் செய்யற ரிவால்வர், இல்லன்னா 'அஷானி'ங்கற பிஸ்டல். 2014 ஜனவரியில கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி 'நிர்பீக்'னு ஒரு ரிவால்வரை வெளியிட்டாங்க. பெண்களுக்குன்னே விளம்பரம். எடை 500 கிராம், விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் சுமாருக்கு. கைப்பையில வைக்கத் தோதா இருக்கணும்னு எடையைக் குறைச்சு டைட்டானியம் கலந்த உலோகத்துல செஞ்சாங்க. விலை ஏறுனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போ முழு அளவு 9 எம்எம் பிஸ்டலை நம்ம ஊர்ல தினமும் மறைச்சு வச்சுக்கிட்டுத் திரியறது யாரு? மஃப்டி போலீஸும், வி.ஐ.பி-க்களோட பி.எஸ்.ஓ-ன்னு சொல்ற பாதுகாப்பு அதிகாரிகளும்தான். எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல, வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில தமிழ்நாடு போலீஸ் அகாடமி இருக்கு. பயிற்சி முடிச்ச ஆளுங்க சாதாரணச் சட்டையில நம்ம பக்கத்துல நின்னு டீ குடிச்சாலும் நமக்குத் தெரியாது. தெரியக் கூடாதுங்கறதுதான் அவங்க வேலையும்.

சட்டமே 'மூடி வை'ன்னுதான் சொல்லுது

அமெரிக்காவுல சில மாநிலங்கள்ல துப்பாக்கி வெளியில தெரியற மாதிரி மாட்டிக்கிட்டு நடக்கலாம், மறைக்கறதுக்குத்தான் தனி அனுமதி கேட்பாங்க. இங்க தலைகீழ். 2016 ஆயுத விதிகள்ல 32-வது விதி, லைசென்ஸ்தாரர் பொது இடத்துல கைத்துப்பாக்கியை எப்படிக் கொண்டு போகணும்னு சொல்லுது. உடம்போட இணைஞ்ச ஹோல்ஸ்டர்ல, அதாவது அதுக்குன்னே செஞ்ச உறையில இருக்கணும். இல்ல, முதுகுப்பை மாதிரியான பையில இருக்கணும். துப்பாக்கி முழுசா மூடியிருக்கணும். வச்சிருக்கறவர் கட்டுப்பாட்டுல இருக்கணும். வெளியில எடுத்து ஆட்டிக் காட்டக் கூடாது.

டெவலப்பர் கண்ணோட பார்த்தா இங்க ரெண்டு ரெக்வயர்மென்ட். ஒண்ணு, யாருக்கும் தெரியக் கூடாது. ரெண்டு, எப்பவும் உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இழுக்கும். ஆழமா மறைச்சா கட்டுப்பாடு குறையும். கைக்கு எட்டுற மாதிரி வச்சா வெளியில தெரியும். இதுக்கு நடுவுல மூணாவதா ஒண்ணு இருக்கு, விதியில எழுதாதது: உடம்பு அதை ஒரு நாள் முழுக்கத் தாங்கணும்.

ஒரு லிட்டர் பாட்டில் சோதனை

முழு அளவு பிஸ்டல்னா எவ்வளவு? க்ளாக் 17-ஐ எடுத்துக்குவோம், நம்ம என்.எஸ்.ஜி கமாண்டோக்கள் வச்சிருக்கறது. நீளம் சுமார் 20 செ.மீ, உயரம் சுமார் 14 செ.மீ, அகலம் 3 செ.மீ-க்குக் கொஞ்சம் மேல. 17 தோட்டா நிரப்பினா எடை 900 கிராமைத் தாண்டும். இந்தியப் படைகள்ல ரொம்ப காலமா இருக்கற இன்னொண்ணு, இச்சாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில செய்யற 9 எம்எம் பிஸ்டல். 1935-ல வந்த ப்ரௌனிங் ஹை-பவர் டிசைன், முழுக்க உலோகம், 13 தோட்டா. அதுவும் நிரப்பினா கிட்டத்தட்ட ஒரு கிலோ.

ஒரு கிலோன்னா எப்படி இருக்கும்? ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை நிரப்பி வலது இடுப்புல பேன்ட்டுக்கும் பனியனுக்கும் நடுவுல சொருகுங்க. அப்படியே ஸ்கூட்டர்ல உட்காருங்க, ஷூ லேஸ் கட்டக் குனியுங்க, தரையில சம்மணம் போட்டு உட்காருங்க. பத்து நிமிஷத்துல பேன்ட் ஒரு பக்கமா இறங்கும். கை தானாப் போய் அதைத் தூக்கி விடும். எத்தனை தடவை தூக்கி விட்டீங்கன்னு எண்ணுங்க. அந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம், அப்புறம் சொல்றேன்.

'அப்போ சின்னத் துப்பாக்கி வச்சுக்க வேண்டியதுதானே?'ன்னு கேட்பீங்க. சின்னதை மறைக்கறது சுலபம், சுடறது கஷ்டம். பிடி குட்டையா இருந்தா சுண்டு விரலுக்கு இடம் இருக்காது. எடை குறைஞ்சா உதைப்பு கையில அதிகமாத் தெரியும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைஞ்சா சின்னத் தப்பும் தூரத்துல பெரிசாகும். வி.ஐ.பி-யைச் சுத்திக் கூட்டம் நிற்கும்போது குறி தவறினா அது வேற யாரோ மேல படும். அதனாலதான் பாதுகாப்புக் காரங்க அந்தக் கூடுதல் எடையைச் சுமக்கறாங்க.

மறைக்கறதுல பலரும் தப்பா நினைக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. நீளமான குழாய்தான் பிரச்சினைன்னு தோணும். குழாய் பேன்ட்டுக்குள்ள போயிடும், அதை யாரும் பார்க்க மாட்டாங்க. காட்டிக் கொடுக்கறது பிடிதான். அது பெல்ட்டுக்கு மேல, சட்டையை முட்டிக்கிட்டு நிற்கும். சட்டை மேல அந்த வடிவம் தெரியறதை 'ப்ரின்ட்' ஆகுதுன்னு சொல்வாங்க. க்ளாக் 17-க்கும் அதுக்கு அடுத்த சின்ன மாடலான க்ளாக் 19-க்கும் உயரத்துல சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். சட்டைக்கு அது பெரிய வித்தியாசம்.

பெல்ட், உறை, சட்டை: மூணும் சேர்ந்து ஒரு சிஸ்டம்

முதல்ல பெல்ட். எடையைத் தாங்கறது பேன்ட் இல்ல, பெல்ட்தான். ஆபீஸுக்குப் போடுற மெல்லிசு பெல்ட் ஒரு கிலோவுக்கு மடங்கிடும், உறை வெளிப் பக்கம் சாயும், பிடி துருத்தும். ரெண்டு அடுக்கா தைச்ச, ஒன்றரை அங்குல அகலமுள்ள, விறைப்பான பெல்ட் வேணும். வேட்டி கட்டுறவங்க போடுற பை வச்ச பச்சை பெல்ட் பணத்துக்கும் போனுக்கும் செஞ்சது. அதுல இதைச் சொருகறது பர்ரெஸ் கதைதான்.

ரெண்டாவது உறை. இதை ஒரு பாக்கெட்னு நினைக்காதீங்க, பாதுகாப்பு அமைப்போட ஒரு பாகம். க்ளாக் மாதிரி பிஸ்டல்கள்ல கட்டை விரலால தள்ளுற சேஃப்டி கிடையாது. ட்ரிக்கரை முழுசா அழுத்தினா வெடிக்கும், அழுத்தலைன்னா வெடிக்காது. அப்போ ட்ரிக்கரை எதுவும் தொடாம மூடி வைக்கிறதுதான் உறையோட முதல் வேலை. ரெண்டாவது வேலை, ஓடினாலும் குனிஞ்சாலும் விழாமப் பிடிச்சுக்கறது. மூணாவதுதான் சௌகரியம்.

இது கற்பனை இல்ல. 2018 ஜூன்ல அமெரிக்காவுல டென்வர் நகரத்துல, ட்யூட்டியில இல்லாத ஒரு எஃப்.பி.ஐ ஏஜென்ட் டான்ஸ் ஆடும்போது பின்பக்கமாக் குட்டிக்கரணம் அடிச்சார். இடுப்புல இருந்த துப்பாக்கி தரையில விழுந்தது. அவசரமா எடுத்தார், வெடிச்சது, அங்க இருந்த ஒருத்தரோட கால்ல குண்டு பாய்ஞ்சது. இங்கயும் விழுந்தப்ப வெடிக்கல. எடுத்தப்பதான்.

உறை எந்தப் பொருள்ல இருக்கணும்? தோல் உடம்புக்கு மெத்துன்னு இருக்கும். ஆனா வேர்வையை உறிஞ்சும், வருஷக் கணக்குல நனைஞ்சு காய்ஞ்சு வாய்ப் பக்கம் தொளதொளன்னு ஆகலாம். அப்படித் தளர்ந்த தோல் மடிஞ்சு உள்ள போய் ட்ரிக்கரை அழுத்தற ஆபத்து உண்டு. கைடெக்ஸ்னு சூடாக்கி அச்சுல வார்க்கற ப்ளாஸ்டிக் உறை வடிவம் மாறாது, வேர்வை இறங்காது. ஆனா விளிம்பு உடம்புல குத்தும். கைடெக்ஸ் வச்சிருக்கறவங்க உள்ள ஒரு பனியன் போட்டுக்கறது அதனாலதான்.

மூணாவது சட்டை. பி.எஸ்.ஓ-ன்னாலே சஃபாரி டிரஸ் ஞாபகம் வருதுல்ல? அதுக்குப் பின்னாடி ஒரு டிசைன் காரணம் இருக்கு. வெளியில விட்டுப் போடற மேல்சட்டை, கொஞ்சம் தடிமனான துணி, இடுப்புக்குக் கீழ நீளம், அரைக் கை. கோட் போடாமலே இடுப்பு மறையும், நம்ம வெயிலுக்கும் தாங்கும். ஒரே குறை, இப்போ சஃபாரியைப் பார்த்தாலே எல்லாரும் பாதுகாப்புன்னு கண்டுபிடிச்சுடறாங்க. மஃப்டியில இருக்கறவங்களுக்கு ஒரு சைஸ் தளர்வான கட்டம் போட்ட சட்டை போதும். கட்டமும் டிசைனும் வடிவத்தை உடைக்கும். ப்ளெய்ன் வெள்ளைச் சட்டை எல்லாத்தையும் காட்டிடும்.

உடம்பை ஒரு கடிகாரமா நினைச்சுக்கங்க

தொப்புள் 12 மணி. வலது இடுப்பு எலும்பு 3 மணி. முதுகுத்தண்டு 6 மணி. வலது கைக்காரங்களுக்கு இது கணக்கு.

முதல்ல 6 மணி, சினிமா இடம். பார்க்க ஸ்டைல், நிஜத்துல மோசம். உட்கார்ந்தா முதுகுத்தண்டுல அழுத்தும். பைக்ல இருந்து மல்லாக்க விழுந்தா இரும்பு நேரா தண்டுவடத்துக்கு அடியில. பின்னாடி நிற்கறவருக்குக் கை எட்டும், உங்க கண்ணுக்குத் தெரியாது. கேள்வி கேட்ட நண்பருக்கு இதுதான் பதில்: அப்படி வச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க உட்கார முடியாது.

12-ல இருந்து 1 மணி, வயித்துக்கு முன்னாடி, பேன்ட்டுக்குள்ள. கண் முன்னாடியே இருக்கும், கூட்டத்துல ரெண்டு கையாலயும் காபந்து பண்ணலாம். ஒல்லியான உடம்புக்கு நல்லா மறையும். ஆனா கொஞ்சம் தொப்பை இருந்தா, உட்காரும்போது அது துப்பாக்கியைக் கீழ அழுத்தும், குழாய் தொடையிடுக்கைக் குத்தும். அந்த இடத்துல தொடையோட பெரிய ரத்தக்குழாய் ஓடுது. வெடிச்சா சில நிமிஷத்துல உயிர் போகலாம். முழு அளவு பிஸ்டலை இந்த இடத்துல வைக்க நல்ல உறையும் நிறைய பயிற்சியும் கட்டாயம்.

3-ல இருந்து 4 மணி, வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால. முழு அளவுக்கு ரொம்ப காலமா நின்ன இடம் இதுதான். இடுப்பு எலும்புக்குப் பின்னாடி இயற்கையாவே ஒரு பள்ளம் இருக்கு, துப்பாக்கி அதுல உட்காரும். பிடியை லேசா முன்னால சாய்ச்சு வச்சா முதுகுப் பக்கம் துருத்தாது. நீளமான குழாய் இங்க உதவிதான் பண்ணும், கீழ் பக்கம் எடை இருக்கறதால மேல் பக்கம் வெளியில சாயாது. குறை ஒண்ணு: இடுப்பை வளைச்சுக் குனிஞ்சா பின்னாடி தெரியும். முழங்காலை மடக்கித்தான் கீழ போகணும்.

தோள் உறை எடையைத் தோள்ல பிரிச்சுக்கும், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கறவங்களுக்கு நிம்மதி. ஆனா மேல கோட் வேணும், மே மாசத்துச் சென்னையில கோட் போட்டவரை எல்லாருமே திரும்பிப் பார்ப்பாங்க. பல தோள் உறைகள்ல குழாய் பின்னாடி நிற்கறவரைப் பார்த்துக்கிட்டு இருக்கும்.

கணுக்காலுக்கு ஒரு கிலோ ரொம்ப அதிகம், அது சின்னத் துப்பாக்கிக்குத்தான்.

கடைசியா பை. விதி அனுமதிக்குது, உடம்புக்கும் சுகம். ஆனா பையை ட்ரெயின்ல மேல லக்கேஜ் கம்பியில வச்ச நிமிஷமே, 'கட்டுப்பாட்டுல இருக்கணும்'ங்கற நிபந்தனை போச்சு.

அமெரிக்க யூட்யூப்ல கிடைக்காத விஷயங்கள்

இந்தத் தலைப்புல இருக்கற வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவோடது. நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாது.

கார் சீட் பெல்ட்டை எடுத்துக்கங்க. அமெரிக்காவுல டிரைவர் இடது பக்கம், பக்கிள் அவரோட வலது இடுப்புல, சரியா துப்பாக்கி இருக்கற இடத்துல. நமக்கு டிரைவர் வலது பக்கம், பக்கிள் இடது இடுப்புல. அதனால ஓட்டுறவருக்கு அந்தத் தொல்லை இல்ல. ஆனா நம்ம ஊர் பி.எஸ்.ஓ ஓட்டறதில்ல. டிரைவருக்குப் பக்கத்துல, இடது சீட்ல உட்காருவார். அவருக்குப் பக்கிள் வலது இடுப்புல வருது. பெல்ட்டைக் கழட்டுற அவசரத்துல கையும் துணியும் துப்பாக்கியும் ஒரே இடத்துல. இறங்கறதுக்கு முன்னாடி பக்கிளை இடது கையால கழட்டுற பழக்கம் இதுக்கு ஒரு தீர்வு.

டூ வீலர்ல காத்து சட்டையைப் பின்பக்கம் தூக்கும், சரியா அந்த 4 மணி இடத்துல. எலக்ட்ரிக் ட்ரெயின்ல நின்னுக்கிட்டு வலது கையால மேல கைப்பிடியைப் பிடிச்சா சட்டை ஒரு சாண் மேல ஏறும். தாம்பரத்துல சாயங்காலக் கூட்டம் ஏறும்போது அது போதும், எல்லாரும் பார்த்துடுவாங்க. இடது கையால பிடிக்கணும், வலது முழங்கை இடுப்பை ஒட்டி இருக்கணும்.

அடுத்து வேர்வை. உப்பும் ஈரமும் இரும்புக்கு எதிரி. பழைய மாதிரி கறுப்பேத்தின இரும்புத் துப்பாக்கி, உடம்பை ஒட்டியிருக்கற பக்கம் சீக்கிரமே துருப் பிடிக்கும். உடம்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல உயரமா ஒரு தடுப்பு இருக்கற உறை, தினமும் துடைக்கறது, மெல்லிசா எண்ணெய். கடல் காத்து அடிக்கற ஊர்ல இது கட்டாயம்.

அப்புறம் யாரும் பேசாத ஒண்ணு, கழிப்பறை. குந்தி உட்கார்ற கழிப்பறையில பெல்ட்டைத் தளர்த்தினதும் ஒரு கிலோ எடை பேன்ட்டைக் கீழ இழுக்கும். உடனே ஆணியில மாட்டலாமா, தண்ணித் தொட்டி மேல வைக்கலாமான்னு தோணும். அங்கதான் மறதி வேலை செய்யும். 2015-ல வாஷிங்டன்ல, அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்தைக் காக்கற போலீஸ்காரங்களே துப்பாக்கியைக் கழிப்பறையில விட்டுட்டு வந்த செய்திகள் வெளியாச்சு. அதுல ஒண்ணைக் கண்டெடுத்தது ஒரு சின்னக் குழந்தை. பயிற்சி கொடுக்கறவங்க சொல்றது: துப்பாக்கி உறையை விட்டு வெளியில வரக் கூடாது, உறை பெல்ட்டை விட்டு வரக் கூடாது.

எண்ணச் சொன்னேனே, அந்த எண்ணிக்கை

இப்போ பாட்டிலுக்கு வருவோம். எத்தனை தடவை கை போச்சு?

சௌகரியத்தை அளக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல அளவுகோல் அதுதான். இதுவரைக்கும் சொன்ன சம்பவங்களைப் பாருங்க. பர்ரெஸ் நழுவினதைப் பிடிச்சார். டென்வர் ஏஜென்ட் விழுந்ததை எடுத்தார். நம்ம ஊர்லயும் அப்படித்தான். 2024 அக்டோபர் 1-ம் தேதி விடியற்காலையில இந்தி நடிகர் கோவிந்தா வெளியூர் கிளம்பும்போது, லைசென்ஸ் வாங்கின ரிவால்வரை அலமாரியில வைக்கப் போனார். கை தவறி விழுந்து வெடிச்சு கால்ல குண்டு பாய்ஞ்சதுன்னு அவர் தரப்பு சொன்னது. 2023 டிசம்பர்ல உத்தரப் பிரதேசம் அலிகர்ல, பாஸ்போர்ட் சரிபார்ப்புக்காகக் காவல் நிலையம் வந்து நின்ன ஒரு பெண், ஒரு எஸ்.ஐ கையில வாங்கிப் பார்த்த பிஸ்டல் வெடிச்சுத் தலையில குண்டு பட்டு, சில நாள்ல இறந்து போனாங்க. சி.சி.டி.வி-யில பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்துச்சு.

எந்தச் சம்பவத்துலயும் துப்பாக்கி உறைக்குள்ள சும்மா இருந்தப்ப வெடிக்கல. எடுக்கும்போது, வைக்கும்போது, பிடிக்கும்போது, காட்டும்போதுதான். நல்ல உறையில, யாரும் தொடாம இருக்கற துப்பாக்கி பெரும்பாலும் அமைதியாத்தான் இருக்கும். ஆபத்து ஒவ்வொரு தொடுதல்லயும் இருக்கு.

குத்துற உறை, தளர்ந்த பெல்ட், தப்பான இடம், இதெல்லாம் தொடுற எண்ணிக்கையை ஏத்தும். அரை மணிக்கு ஒருக்கா சரி பண்ணுவீங்க. கார்ல ஏறினதும் கழட்டி டேஷ்போர்டுல வைப்பீங்க. வீட்டுக்கு வந்ததும் தாங்க முடியாம டிவி மேல வைப்பீங்க, அங்க குழந்தை இருக்கும். அதனால சௌகரியத்தை ஆடம்பரம்னு நினைக்கக் கூடாது. அது ஒரு சேஃப்டி ஃபீச்சர். நல்ல செட்டப்னா காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, ரெண்டே ரெண்டு தொடுதல். அந்த ரெண்டும் அவசரம் இல்லாம, குழாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்க, விரல் ட்ரிக்கருக்கு வெளியில.

மறைக்கறதுக்கும் இதுதான் விடை. சட்டை மேல தெரியற மேட்டைவிட, அடிக்கடி இடுப்புக்குப் போற கைதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். உறுத்தாம இருந்தா கை போகாது. கை போகலைன்னா யாரும் பார்க்க மாட்டாங்க. விதி கேட்ட ரெண்டு நிபந்தனையும் உடம்பு கேட்ட மூணாவதும் இங்க ஒண்ணா வந்து சேருது.

நமக்கு இதுல என்ன?

இதைக் கேட்கற பெரும்பாலானவங்க இடுப்புல போனைத் தவிர வேற எதுவும் இருக்காது. நல்லதுதான். தமிழ்நாட்டுல மறைச்சு வச்ச துப்பாக்கின்னா நம்ம தாத்தா பாட்டிக்கு ஞாபகம் வர்றது 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்து வீட்டுல உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்த இடத்துல துப்பாக்கி வெடிச்சது. எம்.ஜி.ஆர் கழுத்துல குண்டு, எம்.ஆர்.ராதாவுக்கும் காயம். ரெண்டு பேருமே பிழைச்சாங்க, ஆனா எம்.ஜி.ஆரோட குரல் அதுக்கப்புறம் பழையபடி திரும்பல. துப்பாக்கி இல்லாத அறையில ஒரு வாக்குவாதம் அதிகபட்சம் கைகலப்புல முடியும். இருக்கற அறையில எங்க முடியும்னு யாராலயும் சொல்ல முடியாது. எவ்வளவு நல்ல உறை வாங்கினாலும் இந்தப் பிரச்சினைக்கு அதுல தீர்வு கிடையாது. பயிற்சியும் பொறுப்பும் உள்ளவங்க கையில மட்டும் அது இருக்கணும்னு நான் நினைக்கறது அதனாலதான்.

நமக்குப் பயன்படற விஷயம் ஒண்ணு மட்டும் சொல்லிட்டு முடிக்கறேன். ட்ரெயின் சீட்லயோ, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையிலயோ யாரோ விட்டுட்டுப் போன துப்பாக்கி கண்ணுல பட்டா, எடுத்துக் கொடுத்து உதவணும்னு கை போகும். போகவிடாதீங்க. பக்கத்துல குழந்தைகள் இருந்தா தள்ளிப் போகச் சொல்லுங்க, வேற யாரும் தொடாமப் பார்த்துக்கங்க, 112-க்கு ஃபோன் பண்ணுங்க, போலீஸ் வர்ற வரைக்கும் கொஞ்சம் தூரமா நின்னு இடத்தைக் காட்டுங்க. நீங்க தொடாத வரைக்கும் அது அமைதியா இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

பாட்டில் சோதனை பண்ணிப் பார்க்கறவங்க உங்க எண்ணிக்கையை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. மூடி டைட்டா இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.